தகரம் தட்டினால் ஏரிக்கரை

பிள்ளைக் கொட்டாயின் படலை வெளிப்பக்கம் கயிறு போட்டுக் கட்டச் சொன்னது லோகநாதன் மேஸ்திரிதான். ஆவடிப் பக்கம் பட்டாளத்துக்குக் கிடங்கு கட்டின இடத்தில் ஜல்லி சுமந்த அத்தனை பேருக்கும் இது தெரியும். தெரிந்து என்ன பிரயோசனம்? ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. வேலை போய்விடும் என்ற பயம்தான், வேறொன்றும் இல்லை. அந்த ஆளுக்கு 'ர்' போட்டுப் பேச எனக்கு மனசு வரவில்லை. 'சொன்னான்' என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

சப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடியதற்கு அடுத்த வருஷம் அது. ரங்கூன் அரிசி நின்றுபோய், பக்கத்து ஊரான சேக்காட்டில் கேழ்வரகுக் கூழுக்கே ஆலாய்ப் பறந்தார்கள். கழனி வேலை செய்தவர்களெல்லாம் கிடங்கு வேலைக்கு வந்துவிட்டார்கள். ஆண்கள் மண் வெட்டினார்கள். பெண்கள் தலையில் சும்மாடு வைத்துக் கூடை கூடையாக ஜல்லி சுமந்தார்கள். அவர்களில் கைப்பிள்ளைக்காரிகள் அதிகம். பிள்ளைகளைப் போட்டுவைக்க ஓர் ஓலைக் கொட்டாய் இருந்தது. மூங்கிலில் தூளிகள், தரையில் கோணி, பார்த்துக்கொள்ள சாமுண்டீஸ்வரி என்று ஒரு பெண்.

பால் கட்டி மார் கனத்தால் எந்தத் தாய்க்குத்தான் கால் ஓரிடத்தில் நிற்கும்? கூடையை இறக்கிவிட்டு ஓடிப்போய் ஒரு வாய் கொடுத்துவிட்டு வருவார்கள். அது மேஸ்திரிக்குப் பொறுக்கவில்லை. சோற்று மணி அடிக்கிற வரைக்கும் ஒருத்தியும் உள்ளே போகக்கூடாது என்று படலைத் தேங்காய் நார்க் கயிற்றால் இறுக்கிக் கட்டவைத்தான். சாமுண்டீஸ்வரியைத் தண்ணீர் எடுக்க அனுப்பினான். கொட்டாய்க்குப் பக்கத்திலேயே தார் காய்ச்சும் அடுப்பு. பங்குனி வெயிலில் காய்ந்து கிடந்த ஓலை. பொறி பறந்து கூரையில் விழுந்தது.

ஓலைச் சுவரைப் பிய்த்துக்கொண்டு பிள்ளைகளை இழுத்துப் போட்டார்கள். மூலைத் தூளியில் கிடந்த துலுக்கானம் மட்டும் வரவில்லை. அங்கே மண் வெட்டிய சேக்காட்டுக் கீழண்டைத் தெரு வேம்புலிக்கும், ஜல்லி சுமந்த குப்பம்மாவுக்கும் ஒரே பெண் அது. அப்போதுதான் எதையாவது பிடித்துக்கொண்டு நிற்கப் பழகியிருந்தது.

விசாரணைக்கு ஒரு துரை வந்து மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மேஸ்திரி கையைக் கட்டிக்கொண்டு சொன்னான்:

"தாய்க்காரி தூளிய மாட்டுமுடிச்சு போட்டு வெச்சிட்டா தொரை. புள்ள எறங்கக் கூடாதுன்னு. அவுக்கவே முடியல. இல்லாங்காட்டி எல்லாப் புள்ளயும் வந்துச்சி, அது மட்டும் ஏன் வரல?"

கயிறு என்ற பேச்சே எழவில்லை. துரை கேட்டுக்கொண்டார். தாயாரின் அஜாக்கிரதை என்று முடிவாயிற்று. குப்பம்மாவுக்கு அந்த வார்த்தை புரியவில்லை. வீட்டுக்கு வந்து புருஷனைக் கேட்டாள்.

"அசாக்ரதைன்னா இன்னாய்யா?"

"கவனமா இல்லன்னு அர்த்தம்மே."

"ஆரு? நானா?"

வேம்புலி வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அன்றிலிருந்து கிணற்றடியில் அவளுக்கு 'முடிச்சுப் போட்டவ' என்று பெயர். பிள்ளை போன துக்கம் ஒரு பக்கம், பிள்ளையைக் கொன்றவள் என்ற பெயர் இன்னொரு பக்கம். துக்கத்தை அழுதாவது தீர்க்கலாம். பெயரை எதைக் கொண்டு கழுவுவது? படலைக் கட்டச் சொன்னது நான்தான் என்று அந்த ஆள் தன் வாயால், ஊர் கேட்கச் சொல்ல வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். அதற்காக எதையும் செய்யத் துணிந்திருந்தாள். மன்னிப்பதுதான் பெரிய குணம் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். அவர்கள் வீட்டில் எதுவும் எரிந்திருக்காது.

புதுக் கொட்டாய் போட்டார்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள இன்னோர் ஆள் வேண்டும் என்றதும் குப்பம்மா தானே போய் நின்றாள். மேஸ்திரிக்கு ஆச்சரியம். பிறகு சந்தோஷம். இவளே வந்து கொட்டாயில் உட்கார்ந்துவிட்டால் அப்புறம் யார் பழைய கதையைப் பேசுவார்கள் என்று கணக்குப் போட்டிருப்பான். வேம்புலிதான் குதித்தான்.

"இன்னாமே, பைத்தியமா புடிச்சிகீது உனக்கு? அந்த எடத்துலயா போயி குந்துவ?"

"குந்துவேன்."

"தெனிக்கும் அவன் மூஞ்சில முழிக்கணுமே."

"முழிக்கத்தான் போறேன். அவனும் எம்மூஞ்சில முழிக்கட்டும்."

"நீ தூக்கத்துல பல்லக் கடிக்கறது எனக்குக் கேக்குது. இன்னாத்தயோ மனசுல வெச்சிகினு கீற. எங்கையில சொல்லிடு."

"வெச்சிகினுதான் கீறேன். இன்னான்னு எனக்கே தெர்லய்யா. தெரிஞ்சா உனக்குத்தான் மொதல்ல சொல்லுவேன்."

வைகாசியில் பட்டாளத்து அதிகாரி ஒருவரின் மனைவி காரில் வந்து இறங்கினாள். செத்த பிள்ளையைப் பற்றி எப்படியோ கேள்விப்பட்டிருந்தாள். கொட்டாயைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். உன் பிள்ளையை இங்கே விடுவாயா என்று துபாஷி மூலமாக மேஸ்திரியைக் கேட்டாள். மேஸ்திரிக்கு வாய் முந்திக்கொண்டது.

"எம்புள்ளையும் இங்கதாம்மா கீது! இன்னிக்கு ஒடம்பு சரியில்லன்னு ஊட்ல விட்டுட்டு வந்தேன்."

அந்தம்மாள் மகிழ்ந்துபோய், இனி வாராவாரம் வருவேன், உன் பிள்ளையையும் பார்ப்பேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். நுணலும் தன் வாயால் கெடும். மேஸ்திரி கோயில் கோயிலாகச் சுற்றி வெகுநாள் கழித்துப் பெற்ற ஒற்றைப் பிள்ளை சம்பத்து, மறுநாளே கொட்டாய்க்கு வந்து சேர்ந்தான்.

மேஸ்திரி பெண்சாதி வரலட்சுமிதான் தூக்கிக்கொண்டு வந்தாள். மேலண்டைத் தெருக்காரி. கீழண்டைத் தெருப் பிள்ளைகளோடு தன் பிள்ளையைக் கிடத்த வேண்டியிருக்கிறதே என்று முகம் சுண்டிப்போயிருந்தது. பாலும் டம்ளரும் வீட்டிலிருந்து வந்தன.

"நீ தண்ணி கிண்ணி குடுக்காத. இந்த டம்ளர்லதான் குடுக்கணும்," என்றாள். பிறகு போகிற போக்கில், "தூளிய இறுக்கி முடியாத. உம்புள்ளைக்குப் பண்ண மாதிரி பண்ணிடாத," என்றாள்.

புருஷன் சொன்னதை நம்பினவள். நம்பினதைச் சொன்னாள். ஆனால் குப்பம்மாவுக்கு அந்த நிமிஷம் காது அடைத்துப்போயிற்று.

"செரிம்மா," என்று மட்டும் சொன்னாள்.

சம்பத்து கொழுகொழுவென்று இருப்பான். யார் கை நீட்டினாலும் தாவுவான். அவனுக்கு ஊட்டினாள், துடைத்தாள், தூங்கவைத்தாள். அவன் மேல் அவளுக்குப் பாசம் வந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். நேர்ந்துவிட்ட கடாவைப் பார்த்துக்கொள்வதுபோலப் பார்த்துக்கொண்டாள். சாமுண்டீஸ்வரி ஒருநாள் கிட்டே வந்து சொன்னாள்.

"யக்கா, அந்தப் புள்ளயத் தூக்கிகினு கீறப்போ உன் கண்ணு வேற மாரி கீது. எனக்கு பயமா கீது."

"பயப்படாத. இது மேல கைய வெச்சா இது ஒரு தாட்டி அழுவும், அவ்ளோதான். அழ வேண்டியது இது இல்ல."

காரில் வந்த அம்மாள் சும்மா போகவில்லை. குண்டு விழுந்தாலும் நெருப்புப் பிடித்தாலும் பிள்ளைகளை எப்படிக் காப்பாற்றுவது என்று ஏற்பாடு செய்யப் பட்டணத்திலிருந்து ஓர் ஆளை அனுப்பிவைத்தாள். ஜானகிராமன் என்று பெயர். தலையில் இரும்புத் தொப்பி. பேசும்போது அது மூக்கு வரை வழுக்கும், தள்ளித் தள்ளி விட்டுக்கொள்வான். நல்ல பையன். கொட்டாய்க்கு ரெண்டு பக்கமும் படல் வைக்கச் சொன்னான். மணல் வாளி வைத்தான். தார் அடுப்பைத் தூரத் தள்ளிவைக்கச் சொன்னான். பக்கத்தில் ஆளுயரத்துக்குப் பதுங்குகுழி வெட்டவைத்தான். அப்புறம் எல்லாரையும் நிற்கவைத்துப் பாடம் நடத்தினான். மேஸ்திரி குடை பிடித்துக்கொண்டு நின்று எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். ஆபத்துச் சங்கு ஊதினதும் பிள்ளைகளோடு குழிக்குள் இறங்க வேண்டும் என்று சொன்னது வரைக்கும் கேட்டான். வெயில் தாங்காமல் சோடா குடிக்கப் போய்விட்டான்.

அவன் தலை மறைந்ததும் பெண்கள் பிடித்துக்கொண்டார்கள்.

"இன்னா சாமி, புள்ளைங்களுக்கு சங்கு ஊதச் சொல்றியே, நல்லா கீதா?" என்றாள் சாமுண்டீஸ்வரி.

"அது மிஷின் சங்கும்மா."

"எந்த சங்கா இருந்தா இன்னா? பொறந்தா சங்குல பாலு ஊத்தறோம். செத்தா சங்கு ஊதறோம். நடுவால ஆரும் ஊத வாணாம். அதுவும் இந்த எடத்துல ஊதவே வாணாம்."

"பிறகு எப்படித் தெரியும்?"

"தகரம் தட்டறோம்," என்றாள் குப்பம்மா. அதுவரைக்கும் வாய் திறக்காதவள். "மண்ணெண்ணெத் தகரம் கீது. தட்டுனா ஏரி வரிக்கும் கேக்கும்."

"சரி, தகரம். தட்டினதும் குழிக்கு…"

"குழிக்குள்ள எட்டிப் பாத்தியா நைனா நீ? முட்டி ஆழம் ஊத்துத்தண்ணி. தவக்கள கத்துது. நெருப்புல தப்பிச்சி தண்ணில சாவறதுக்கா? ஏரிக்கரைக்குப் போறோம். பனந்தோப்புக்கு அந்தாண்ட. காத்து எப்பவும் இங்கேருந்து கிழக்கதான் அடிக்குது. கரை மேக்கால கீது, பொக அங்க வராது."

"இத்தனை பிள்ளைகளை நீங்கள் ரெண்டு பேர் எப்படித் தூக்குவீர்கள்?"

குப்பம்மா பதில் சொல்லாமல் ஒரு ஜல்லிக் கூடையை எடுத்தாள். கோணியை மடித்து உள்ளே போட்டாள். ரெண்டு கைப்பிள்ளைகளை அதில் வைத்துச் சும்மாட்டின் மேல் ஏற்றினாள். ஒன்றை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். நடக்கிற பிள்ளைகள் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டன. ஜானகிராமன் பதறிப்போனான்.

"ஐயோ, விழுந்துடும்மா!"

"கல்லு சொமந்த தல சாமி இது. கல்லையே கீழ போட்டதில்ல," என்று சொல்லிக்கொண்டே அவள் தோப்பைத் தாண்டிவிட்டாள். பையன் தொப்பியைத் தள்ளிவிட்டுக்கொண்டு பின்னாலேயே ஓடினான். போகும்போது, வாரம் ஒருமுறை ஒத்திகை பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஒத்திகை என்றதும் மேஸ்திரி எரிந்து விழுந்தான். "வேல நேரத்துல கூத்துக் கட்றதுக்கா பட்டாளத்துக்காரன் சோறு போடறான்? சோத்து வேளையில வெச்சிக்கோங்கடி!" என்றான். சோற்று வேளையில் அவன் சிமெண்டுக் கொட்டகையில் துண்டை விரித்துக் குறட்டை விடுவான். ஆகவே தகரம் தட்டினால் ஏரிக்கரை என்பது அங்கே வேலை செய்த ஆண், பெண், நண்டு சிண்டு அத்தனைக்கும் தெரியும். தாய்மார்கள் கூழுச் சட்டியோடு நேரே கரைக்கு ஓடுவார்கள். அங்கேயே பிள்ளைக்குப் பால் கொடுத்து, வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு கூழ் குடிப்பார்கள். காற்றாட நன்றாக இருக்கும். இது தெரியாதவன் மேஸ்திரி ஒருத்தன்தான்.

ஆடி பிறந்தது. மேல்காற்று செம்மண்ணை வாரிக் கண்ணில் அடித்தது. ஒருநாள் காலையில் குப்பம்மா வந்து பார்த்தால், தூரத் தள்ளியிருந்த தார் அடுப்பு மறுபடியும் கொட்டாய்க்குப் பக்கத்தில். அதுவும் காற்று வருகிற பக்கத்தில்.

"இன்னா மேஸ்திரி இது? அடுப்ப மறுக்கா இங்க கொணாந்துட்ட?"

"தாரு சொமக்கறவன் எத்தினி வாட்டி நடப்பான்? கூரை போட்ற வேல நிக்குதில்ல?"

"காத்தப் பாரு. உம்புள்ளயும் உள்ளதான் கீது."

"அது எனக்குத் தெரியும். நீ உன் வேலையப் பாரு. அந்தம்மா வர்ற அன்னிக்குத் தள்ளி வெச்சிக்கறேன்."

குப்பம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். காறித் துப்பிவிட்டு உள்ளே போனாள். ரெண்டு படலிலும் கிடந்த நார், துணி, எல்லாவற்றையும் அவிழ்த்துத் தூர எறிந்தாள்.

மேஸ்திரி சிமெண்டு இறக்க ரயிலடிக்குப் போனான். வெயில் ஏறினதும் காற்றும் ஏறியது. கூரை மூலையில் புகையை முதலில் பார்த்தது சாமுண்டீஸ்வரி. அவள் கத்துவதற்குள் குப்பம்மா தகரத்தை எடுத்துவிட்டாள். தட்டின தட்டில் தகரம் நெளிந்துபோயிற்று. கூடைகள் தலைக்கு ஏறின. முந்தானைகளைப் பிள்ளைகள் பிடித்தன. காற்றடிக்காத பக்கத்துப் படலால் வெளியே வந்து, கொட்டாயைச் சுற்றிக்கொண்டு மேற்கே நடந்தார்கள். பழக்கம் என்பது பெரிய விஷயம். ஒரு பிள்ளைகூட அழவில்லை. இன்றைக்குக் கூழு சீக்கிரமே என்று நினைத்திருக்கும். ஜல்லி மேட்டிலிருந்து தாய்மார்கள் கொட்டாய்ப் பக்கம் திரும்பாமல் நேரே கரைக்கு ஓடினார்கள். அவரவர் பிள்ளையைத் தொட்டுத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள். ஒன்றுக்கும் ஒன்றும் இல்லை. சம்பத்து குப்பம்மா இடுப்பில் விரல் சூப்பிக்கொண்டிருந்தான்.

மேஸ்திரி ஓடிவந்தபோது கொட்டாய் தரையோடு உட்கார்ந்துவிட்டிருந்தது. ஆண்கள் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்கள். சங்கு ஊதினால் குழி என்று கேட்டது ஞாபகம் வந்து குழிக்கு ஓடினான். தவளைகள் குதித்தன. திரும்பிவந்து, வாளியோடு நின்ற வேம்புலியின் சட்டையைப் பிடித்தான்.

"எம்புள்ள எங்கடா?"

வேம்புலி வாளியைக் கீழே வைத்தான்.

"நானுந்தான் கேட்டேன் மேஸ்திரி, எம்புள்ள எங்கன்னு. இதே எடத்துல. நீ இன்னா சொன்ன? முடிச்சுப் போட்டவளப் போயி கேளுன்ன."

"டேய், சொல்லுடா! பொம்பளைங்க எங்கடா?"

யாரும் சொல்லவில்லை. வேலை போய்விடும் என்று அன்றைக்கு வாய் மூடியிருந்த அதே ஆட்கள்தான். இன்றைக்கு வேறு காரணத்துக்காக மூடிக்கொண்டார்கள். மேஸ்திரி நெருப்புத் தணலுக்குள் இறங்கிவிட்டான். எரிந்த மூங்கிலை வெறுங்கையால் தூக்கிப் போட்டான். சாம்பலை அள்ளி அள்ளிப் பார்த்தான்.

வேம்புலி கரைக்கு வந்து சொன்னான்.

"கிளறிகினு கீறான்மே. கையெல்லாம் வெந்துபூட்ச்சி."

"கிளறட்டும்," என்றாள் குப்பம்மா.

பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பனந்தோப்பு ஓரம் வரைக்கும் வந்து நின்றாள். அங்கிருந்து எல்லாம் தெரிந்தது, கேட்டது. சாமுண்டீஸ்வரி பின்னாலேயே வந்தாள்.

"யக்கா, போதும்க்கா. குட்த்துடு."

"எனக்கு எவளாவது போதும்னாளா? கெணத்தாண்ட நீ கூடத்தான் சும்மா நின்ன."

சாமுண்டீஸ்வரி தலையைக் குனிந்துகொண்டாள்.

மேலண்டைத் தெருவிலிருந்து புகையைப் பார்த்துவிட்டு வரலட்சுமி தலைவிரி கோலமாக ஓடிவந்தாள். மார்பில் அடித்துக்கொண்டு அவள் போட்ட கூச்சல் தோப்பு வரைக்கும் வந்தது. குப்பம்மாவுக்குத் தெரிந்த கூச்சல் அது. ஒரு கால் எடுத்து முன்னால் வைத்தாள். பிறகு நின்றுகொண்டாள். இன்னும் கொஞ்சம், என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

மேஸ்திரி சாம்பலில் மண்டிபோட்டபடி ஆட்களைப் பார்த்துக் கத்தினான்.

"எவன்டா படலக் கட்டினது? எவன்டா கயிறு கட்டினான்?"

"கயிறே இல்லியே மேஸ்திரி," என்றான் ஒருத்தன்.

"பொய்! பழி வாங்கிட்டீங்கடா! பால் குடுக்கறேன் பால் குடுக்கறேன்னு ஓடறாளுங்கன்னு நான் கட்டச் சொன்னேன். ஆமா, நான்தான் கட்டச் சொன்னேன்! அதுக்கு எம்புள்ளய உள்ள வெச்சிக் கட்டுவீங்களா? என்னக் கொளுத்தியிருக்கக் கூடாதா?"

தண்ணீர் இறைத்த கைகள் நின்றுவிட்டன. வரலட்சுமியின் கூச்சலும் நின்றுவிட்டது.

அப்போதுதான் குப்பம்மா தோப்பை விட்டு வெளியே வந்தாள். பின்னால் கூடைகளும் பிள்ளைகளுமாக எல்லாத் தாய்மார்களும் வந்தார்கள். அவள் மேஸ்திரியைப் பார்க்கவே இல்லை. நேரே வரலட்சுமியிடம் போய் நின்றாள்.

"இந்தாம்மா உம்புள்ள. ஒரு கீறல் இல்ல, பாத்துக்கோ. டம்ளர்தான் எரிஞ்சி பூட்ச்சி."

வரலட்சுமி பிள்ளையைப் பிடுங்கி மாரோடு அணைத்துக்கொண்டாள். குப்பம்மா மறுபடியும் பேசினாள். குரல் உயரவில்லை.

"உம்புருசன் இன்னா சொன்னாருன்னு கேட்டியாம்மா? ஆரு முடிச்சுன்னு கேட்டியா?"

மேஸ்திரி தடுமாறி எழுந்து வந்தான். "நைனா! எங்கண்ணு!" என்று இரண்டு கைகளையும் நீட்டினான். தோல் கழன்று, கரியும் சாம்பலும் அப்பியிருந்த கைகள். வரலட்சுமி பிள்ளையோடு பின்னால் நகர்ந்து குப்பம்மாவை ஒட்டி நின்றுகொண்டாள்.

"தொடாத," என்றாள். "அந்தக் கையால எம்புள்ளயத் தொடாத."

அவ்வளவுதான் பேசினாள். வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. கள்ளிக்குப்பத்தில் இருந்த தாய் வீட்டைப் பார்த்துப் பிள்ளையோடு நடந்தாள். அவன் கையை நீட்டினபடியே நின்றுகொண்டிருந்தான். ஆட்கள் வாளிகளை எடுத்துக்கொண்டு கலைந்தார்கள்.

பழி வாங்கினால் மனசு ஆறாது என்று கதை சொல்கிறவர்கள் சொல்வார்கள். நானும் அப்படி முடித்தால் நல்ல பெயர் கிடைக்கும். ஆனால் அன்று சாயங்காலம் குப்பம்மா கிணற்றடிக்குக் குடத்தோடு போனாள். பெண்கள் விலகி வழிவிட்டார்கள். ஒருத்தி அவள் குடத்தை வாங்கித் தானே தண்ணீர் இறைத்து ஊற்றினாள். வீட்டில் வேம்புலி களி கிண்டி, கருவாடு சுட்டு வைத்திருந்தான். அவள் உட்கார்ந்து தலை நிமிராமல் தின்றாள். வேம்புலி ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கேட்டான்.

"மனசு ஆறிச்சாமே?"

"ஆறிச்சி," என்று சொல்லித் தட்டை நீட்டினாள். "இன்னொரு உருண்ட வையி."